சிடி தொங்கவிட்டும் கிளி வருதுன்னு கேட்டவங்களுக்கு

கேள்வி இதுதான். வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கொய்யா, ஒரு மாதுளை, மாடியில பந்தல் போட்டு ஒரு பன்னீர் திராட்சைக் கொடி. ஒரு பழம்கூட முழுசா வீட்டுக்குள்ள வரல, எல்லாத்தையும் கிளியும் குருவியும் கொத்திட்டுப் போயிடுது. பழைய சிடி எல்லாம் தேடி எடுத்து தொங்கவிட்டாச்சு, நாலு நாள் ஒண்ணும் வரல, அஞ்சாவது நாள் சிடி கட்டுன கயித்து மேலயே வந்து உக்காருது. இந்தத் தடவ திராட்சை இன்னும் பச்சைதான், ஒரு கொத்துல மட்டும் நாலஞ்சு காய் நிறம் திரும்பியிருக்கு. கைக்காசு அதிகம் போடாம வீட்ல கிடக்கிறத வெச்சு என்ன பண்ணலாம்?

எனக்கும் இதே கதைதாங்க. எங்க ஊரு பழனி பக்கம், ஆயக்குடிக்குக் கிட்ட, கொய்யாவுக்குப் பேர் போன ஏரியா. தோப்புக்காரங்களுக்கு நூத்துக்கணக்குல மரம் இருக்கு, கிளி கொஞ்சம் தின்னா கணக்குலயே வராது, ஆனா வீட்ல ரெண்டு மரம் வெச்சிருக்கிறவனுக்கு ஒரு கிளிக்கூட்டம் ஒரு காலைல வந்து போனா அந்த சீசனே முடிஞ்சது. பதினஞ்சு வருஷமா நான் பண்ணிப் பாத்ததுல எது நின்னுச்சு எது நிக்கலன்னு சொல்றேன். சுருக்கமா முதல்லயே சொல்லிடறேன், பயமுறுத்துற சாமான் எதுவா இருந்தாலும் ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள், அதுக்கு மேல ஓடாது. மூடுறதுதான் நிக்கும். அதுவும் பறவை ஒரு தடவ ருசி பாக்குறதுக்கு முன்னாடியே மூடியிருக்கணும், ருசி பாத்த அப்புறம் நீங்க என்ன பண்ணாலும் அது வழி கண்டுபிடிச்சு வந்துகிட்டேதான் இருக்கும்.

மொதல்ல திருடன் யாருன்னு பாருங்க. எல்லாப் பழியையும் கிளி மேல போட்டுடறோம், பாதி நேரம் வேற ஆளு. கிளி வந்துச்சுன்னா மரத்தடி பாத்தாலே தெரியும், பச்சைக் காய்கூட விடாது, கொய்யாவக் கடிச்சு உள்ள இருக்கிற வெதையப் பாத்துத் தின்னுட்டு மிச்சத்த கீழ போட்டுடும், ஒரு காய்ல நாலு கடிதான், உடனே அடுத்த காய்க்குப் போயிடும், அதான் அதோட கெட்ட பழக்கம். கொண்டைக்குருவி, மைனா, குயில் இதெல்லாம் அப்படி இல்ல, பழுத்ததுலதான் வாய் வைக்கும், பழம் மரத்துலயே தொங்கிட்டு இருக்கும், ஒரு பக்கம் குழி குழியா இருக்கும். பப்பாளில பெரிய ஓட்டை போட்டு உள்ளயே தலைய விட்டுத் திங்கிறது பெரும்பாலும் குயிலு இல்லாட்டி காக்கா. அணில் கடிச்சிருந்தா ரெண்டு பல்லு தடம் பக்கத்துப் பக்கத்துல கோடு கோடா தெரியும், தோல சுரண்டி எடுத்திருக்கும். ராத்திரி தூங்கப் போறப்ப இருந்த பழம் காலைல காணோம், சுவத்துல ஒழுகுன மாதிரி எச்சம், கீழ சப்பித் துப்புன சக்கை உருண்டையா கிடக்குதுன்னா அது வௌவால். மாதுளைல ஒரே ஒரு உருண்டை ஓட்டை, ஓரத்துல கழிவு ஒட்டிட்டு நாறுதுன்னா அது பறவையே இல்ல, காய்த்துளைப்பான் புழு, ஒரு சின்ன பட்டாம்பூச்சி முட்டை வெச்சுட்டுப் போறதுல வர்றது. இது ஏன் முக்கியம்னா, வௌவாலுக்கு சிடி தொங்கவிட்டா அதுக்கு இருட்டுல என்ன தெரியப்போகுது, புழுவுக்கு சோளக்காட்டு பொம்மை வெச்சு என்ன பிரயோசனம்.

வௌவால் பத்தி இன்னொண்ணு. கடிச்ச பழத்த கடிச்ச இடத்த மட்டும் வெட்டிட்டு சாப்பிடற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, அணில் கடிச்ச பழம் தித்திப்பா இருக்கும்னு வேற சொல்லுவாங்க, நானும் சின்ன வயசுல நெறைய தின்னுருக்கேன். 2018ல கோழிக்கோட்டுல நிபா வந்ததுக்கு அப்புறம் எங்க வீட்ல நிறுத்திட்டோம், அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்கிட்ட இருந்துதான் வருது. கடிபட்டது எதுவா இருந்தாலும் உரக்குழிக்குப் போயிடும்.

சரி, உங்க சிடிக்கு வருவோம். அது வேலை செய்யாததுக்கு காரணம் சிம்பிள், ஒரே இடத்துல ஒரே மாதிரி தொங்குது. பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா பறவை மிரளும், ஆனா அந்த வெளிச்சத்தால தனக்கு ஒண்ணும் ஆகலன்னு நாலு நாள்ல படிச்சுக்கும், கிளி நம்மளவிட வேகமா படிச்சுக்கும். நிழல்ல தொங்குற சிடி ஒண்ணுத்துக்கும் ஆகாது, காத்து இல்லாத நாள்லயும் அப்படித்தான். அதுக்குன்னு தூக்கிப் போட வேண்டாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ இடம் மாத்துங்க, ஒரு வாரம் சிடி, அடுத்த வாரம் அத மொத்தமா கழட்டிட்டு வேற ஒண்ணு, இப்படி சுத்தவிட்டா ஒரு மாசம் தள்ளலாம். ஆக, மாதுளை அறுவடைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குங்கிற மாதிரி நேரத்துல தொங்கவிட்டா லாபம், காய் பிஞ்சா இருக்கறப்பவே தொங்கவிட்டா அது பழுக்கறதுக்குள்ள கிளிக்குப் பழகிடும். பெரும்பாலான ஆளுங்க பண்ற தப்பு இதுதான்.

சிடிய விட எனக்கு நல்லா கை குடுத்தது பழைய கேசட் டேப். பரண்ல ஒரு அட்டைப்பெட்டி நெறைய கிடந்துச்சு, அப்பாவோட பக்திப்பாட்டு கேசட்டெல்லாம், அத உருவுறதுக்கு மனசு வரலதான், ஆனா டேப் ரிக்கார்டரே வீட்ல இல்லாதப்ப என்ன பண்றது. ரெண்டு குச்சிக்கு நடுவுல டேப்ப இழுத்துக் கட்டணும், கட்டும்போது நாலஞ்சு முறுக்கு விட்டுக் கட்டுங்க, அப்பதான் காத்துல படபடன்னு ஆடி பளபளப்பும் வரும், ஒரு மாதிரி 'ம்ம்ம்'னு ரீங்காரமும் வரும். அந்தச் சத்தம்தான் விஷயம். தொளதொளன்னு கட்டினா வெறும் கறுப்பு நூல்தான் அது. கடையில சிவப்பு வெள்ளி கலர்ல ரிப்பன் சுருள் விக்கிறாங்க, அதுவும் இதே தத்துவம்தான், செலவு பெருசா இல்ல, கேசட் இல்லாதவங்க அத வாங்கிக்கலாம். ஒரே ஒரு விஷயம், அறுந்து விழுந்த துண்ட அன்னன்னைக்கே பொறுக்கிடுங்க, ஆடு மாடு வாய்ல போச்சுன்னா வம்பு.

டால்டா டப்பால ஆணி கட்டி மணி மாதிரி தொங்கவிடறது, தண்ணி பாட்டில வெட்டி காத்தாடி பண்றது, ரப்பர் பாம்பு, பழைய சட்டையில வைக்கோல் திணிச்சு சட்டியில சுண்ணாம்பு புள்ளி வெச்ச பொம்மை, எல்லாம் பண்ணிருக்கேன். எல்லாம் சிடி கணக்குதான். பொம்மைக்கு மட்டும் ஒரு டிப்ஸ், தோட்டத்துல வேலை செய்யறப்ப நீங்க போட்டுக்கிற அதே சட்டை துண்டு இருந்தா அத அதுக்குப் போட்டுவிடுங்க, நடுநடுவுல நீங்களும் அதே சட்டையோட போய் கைதட்டி விரட்டுங்க, எது ஆளு எது பொம்மைன்னு கொஞ்ச நாள் அதுங்களுக்குக் குழப்பமா இருக்கும். ரப்பர் பாம்பால மிரண்டது எங்க மாமியார் ஒருத்தர்தான்.

தட்டு தட்டி விரட்டறதுல தப்பே இல்ல, வள்ளி காலத்துல இருந்து பரண்ல நின்னு ஆலோலம் பாடித்தான் நம்மாளுங்க கிளி ஓட்டிருக்காங்க, ஆனா வள்ளிக்கு வேற வேலை இல்ல, நமக்கு ஆபீஸ் இருக்கு. விடியக்காலைலயும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த அப்புறமும்தான் கிளி பெரும்பாலும் மேயும், அந்த நேரம் வீட்ல ஆள் இருந்தா நடமாட்டமே பாதி காவல்.

பட்டாசு வேண்டாம்ங்க. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயம் பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவை மிரளும்னு தீபாவளிக்கே வெடி வெடிக்கிறதில்ல, நாம ரெண்டு கொய்யாவுக்காக தெருவையே எழுப்பணுமா.

அப்புறம் மிளகாய்த்தூள் கரைசல். வீடியோ வீடியோவா சொல்றாங்க, மிளகாயும் பூண்டும் அரைச்சுத் தெளிங்க பறவையே வராதுன்னு. கொஞ்சம் யோசிங்க, கூண்டுக்கிளிக்கு அந்தக் காலத்துல எல்லாரும் என்ன குடுத்தாங்க? பச்சமிளகாய். நமக்கு எரியற அந்தக் காரம் பறவைங்களுக்கு எரியவே எரியாது, அத உணர்ற அமைப்பு அதுங்களுக்கு நம்ம மாதிரி கிடையாது. மரத்தடியில யாரும் போடாமலேயே காந்தாரி மிளகாச்செடி முளைச்சு நிக்குதே, அதெல்லாம் பறவை தின்னு எச்சம் போட்டு வந்ததுதான். அதனால கிளிக்கு மிளகாய்த்தண்ணி தெளிக்கிறது பிரியாணிக்கு மசாலா தூவற மாதிரி. அணிலுக்கு வேணா காரம் தெரியும், அதுகூட ஒரு மழை பெஞ்சா இல்ல நீங்க ஒரு தடவ மேல தண்ணி அடிச்சா போச்சு.

இப்ப மூடுற விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நேரம் செலவு பண்ணணும்.

கொய்யாவுக்கும் மாதுளைக்கும் தனித்தனிப் பழமா பை கட்டுறதுதான் நம்பர் ஒன். நம்ம எல்லார் வீட்டு பீரோலயும் ஒரு பொக்கிஷம் தூங்குது, தாம்பூலப் பை. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்துன்னு போய் போய் ஐம்பது அறுபது சேர்ந்திருக்கும், தூக்கிப் போடவும் மனசு வராது. மெல்லிசான துணிப்பையும், சுருக்குக் கயிறு வெச்ச வலைத்துணி பையும் இருக்கும்ல, அதுங்க இதுக்குன்னே செஞ்ச மாதிரி. காய் எலுமிச்சம்பழ சைஸ் வந்ததும் பையப் போட்டு சுருக்கை இழுத்துக் கட்டிடுங்க. அந்த சைஸ்லயே கட்டிட்டா கொய்யாவுக்கு பழ ஈயும் முட்டை வைக்காது, பழத்த வெட்டினா உள்ள வெள்ளப் புழு நெளியுமே, அந்தத் தொல்லையும் இதோட போச்சு. மாதுளையில காய்த்துளைப்பானுக்கும் இதான் மருந்து, ஆனா அதுக்கு பிஞ்சு பிடிச்ச உடனேயே கட்டணும், பெருசாகட்டும்னு விட்டா அதுக்குள்ள முட்டை வெச்சிடும். ஒரே செலவுல மூணு எதிரி.

பை தீந்துபோச்சா, பசங்களோட பழைய ஸ்கூல் சாக்ஸ் மாதுளைக்கு அம்சமா இருக்கும், காய் பெருசாக பெருசாக அதுவும் விரியும். பாக்க மரத்துல சாக்ஸ் காயப்போட்ட மாதிரி இருக்கும், வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, பரவால்ல. செய்தித்தாள்ல பொட்டலம் மாதிரி மடிச்சு ஸ்டேப்லர் அடிச்சும் கட்டலாம், மழை இல்லாத மாசத்துல ரெண்டு மூணு வாரம் வரும், நனைஞ்சா கிழிஞ்சிடும். பாலிதீன் கவர் மட்டும் அப்படியே கட்டாதீங்க, உள்ள வேர்த்து வேர்த்து பழம் கருத்து பூஞ்சை புடிச்சிடும், வேற வழியே இல்லன்னா அடியில ரெண்டு மூலையும் வெட்டிவிட்டு, நடுவுல ஊசியால நெறைய ஓட்டை போட்டுக் கட்டுங்க.

கட்டுறதுல மூணு விஷயம் கவனிக்கணும். காம்புல கட்டக்கூடாது, காம்பு ஒட்டியிருக்கிற கிளையில கட்டணும், இல்லாட்டி காத்துல பை ஆடி ஆடி காயே ஒடிஞ்சு விழுந்துடும். கட்டுறதுக்கு வாழைநார் இல்லன்னா பழைய துணிக்கரை போதும், கம்பி, மெல்லிசு நைலான் நூலெல்லாம் கிளைய அறுத்துடும். மூணாவது ரொம்ப முக்கியம், பை போடறதுக்கு முன்னாடி காய திருப்பிப் பாருங்க, மாவுப்பூச்சியோ எறும்போ இருந்தா தொடச்சு, முந்தின நாளே வேப்பெண்ணெய் கரைசல் அடிச்சு காயவிட்டு அப்புறம் கட்டுங்க. நான் மொத வருஷம் பாக்காம கட்டிட்டேன், ஒரு மாசம் கழிச்சு ஆசையா பையத் திறந்தா பழமே தெரியல, மாவுப்பூச்சி வெள்ளையா பஞ்சு மாதிரி மூடியிருக்கு, நானே அதுக்கு ஏசி ரூம் போட்டு வளத்திருக்கேன்.

அணில் அதிகமா இருக்கிற இடத்துல துணிப்பைய அது கடிச்சுக் கிழிக்கும். அதுக்கு ஒரு லிட்டர் தண்ணி பாட்டில ரெண்டா வெட்டி, காய உள்ள வெச்சு திருப்பி மூடி டேப் ஒட்டிடறது, சூடு கம்பியால நெறைய ஓட்டை போட்டுக்கணும். இது நிழல் பக்கத்துக் காய்க்கு மட்டும்தான், சித்திரை வெயில்ல நேரா வெயில் படற காய்க்கு மாட்டினா உள்ளயே வெந்துடும். சுவர், கம்பி, ஒயர் மரத்த தொடாத மாதிரி கிளைய வெட்டி விட்டாலே அணில் தொல்லை பாதி கொறையும்.

எட்டுற உயரத்துல மரம் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும். கொய்யா புதுத் தளிர்லதான் காய்க்கும், அதனால அறுவடை முடிஞ்சதும் தைரியமா கவாத்து பண்ணி, அதாவது கிளைய வெட்டிவிட்டு, ஆறேழு அடியிலயே நிறுத்துங்க. எங்க வீட்ல ஒரு மரத்த மாடி உயரத்துக்கு வளரவிட்டுட்டு, ஏணி போட்டு ஏறி பை கட்டறேன்னு போய் இடுப்பு புடிச்சுக்கிட்டது நான்தான்.

முழு மரத்தையும் மூடணும்னா பழைய புடவை. காட்டுல பன்னிக்கும் மயிலுக்கும் வேலி மாதிரி கலர் கலரா புடவை கட்டியிருப்பாங்க, பஸ்ல போகும்போது பாத்திருப்பீங்க. அஞ்சரை மீட்டர் நீளம், ரெண்டு புடவைய நீளவாக்குல சேத்து தைச்சா ஆளுயர மரத்துக்கு குல்லா மாதிரி போட்டுடலாம். பருத்திப் புடவை வேண்டாம், மழையில நனைஞ்சா கனத்துல கிளையே முறியும். நைலக்ஸ், ஷிஃபான் மாதிரி லேசா இருக்கிறதா எடுங்க. பூ இருக்கறப்ப மூடிடாதீங்க, தேனீ வரலன்னா அப்புறம் கிளியும் வராது நீங்களும் பறிக்க ஒண்ணும் இருக்காது. பிஞ்சு நின்ன அப்புறம் மூடுங்க. ஆடி மாசம் எங்க பக்கம் காத்து பேய்க்காத்து, புடவை பாய்மரம் மாதிரி உப்பி ஒரு கிளையவே பிச்சுகிட்டுப் போச்சு, அதனால காத்துக் காலத்துல புடவைய அவுத்துட்டு பை மட்டும்தான்.

வாழைத்தாருக்கு ஒண்ணும் வேண்டாம், அதோட காஞ்ச சருகையே சுத்தி கட்டிடலாம், மேல ஒரு கோணிச்சாக்கு.

மூடவே தேவையில்லாத பழமும் இருக்கு, இத பலபேர் யோசிக்கிறதில்ல. சப்போட்டா, பப்பாளி, மா, சீத்தா இதெல்லாம் பறிச்ச அப்புறமும் பழுக்கும். பப்பாளில ஒரு மஞ்சக் கீத்து விழுந்ததும் பறிச்சிடுங்க, சீத்தாவுக்கு கண்ணு விரிஞ்சு இடையில வெளுத்ததும், சப்போட்டாவ நகத்தால லேசா கீறிப் பாத்தா பச்சையா தெரியாம மஞ்சளா தெரிஞ்சா பறிக்கலாம். அரிசி டிரம்முல ரெண்டு மூணு நாள் போட்டா வீடே மணக்கும். பறவைக்கு முன்னாடி ஒரு நாள் நாம முந்திக்கிட்டா போதும். மாதுளையும் திராட்சையும் இந்தக் கணக்குல வராது, பறிச்சா பறிச்சபடிதான், அதுக்கு மேல இனிப்பு ஏறாது. அதனால பை, வலை பத்தலன்னா மொதல்ல அந்த ரெண்டுக்கு ஒதுக்குங்க.

கோடையில இன்னொரு சங்கதி, பாதி பறவை தாகத்துலதான் பழத்துல கொத்தும். ஒரு அகலமான மண்சட்டியில தண்ணி வெச்சு, தினம் மாத்தி, மரத்துக்கு கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க, கொண்டைக்குருவி கொத்துறது எங்க வீட்ல கண்ணுக்குத் தெரிஞ்சு கொறைஞ்சது. கிளி கொறையல, உண்மைய சொல்லணும்ல. தேன்பழ மரம், சில ஊர்ல சர்க்கரைப்பழம்னு சொல்வாங்களே, அது ஒண்ணு வேலியோரம் வெச்சா வருஷம் முழுக்க காய்ச்சு குருவிகள அந்தப் பக்கம் இழுத்துக்கும், ஆனா வௌவாலுக்கும் அதுன்னா உசுரு, ஏற்கெனவே வௌவால் வர்ற வீடா இருந்தா வைக்காதீங்க. தோட்டத்துல ஒரு உயரமான குச்சில குறுக்குக் கட்டை கட்டி நட்டு வெச்சீங்கன்னா கரிச்சான், அதான் ரெட்டைவால் குருவி, வந்து உக்காரும், அது புழு பூச்சியப் புடிக்கும், பக்கத்துல கூடு கட்டிடுச்சுன்னா காக்கா கிட்டயே வர முடியாது, அந்த அடி அடிக்கும்.

பசை தடவறது, கண்ணி வைக்கிறது, விஷம் வைக்கிறது பத்தி யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. கிளியப் புடிக்கிறதும் கூண்டுல அடைக்கிறதும் 1972 வன உயிரினச் சட்டப்படி குத்தம், அது ஒரு பக்கம் இருக்கட்டும், பசையில ஒட்டுன குருவி துடிக்கிறத ஒரு தடவ பாத்தா அப்புறம் பழமே இறங்காது.

கடைசியா உங்க திராட்சை. கொத்து கொத்தா பை போடலாம், ஆனா பந்தல்னா வலைதான் வசதி. புது வலை வாங்க வேண்டாம், ஓட்டை விழுந்த கொசுவலை போதும், ஓட்டைய தைச்சுக்கோங்க. மீன் புடிக்கிற நரம்பு வலைய மட்டும் போடாதீங்க, கண்ணுக்கே தெரியாது, குருவி மாட்டும், பாம்பும் மாட்டும், நான் ஒரு தடவ கத்தரிக்கோல் வெச்சு அரை மணி நேரம் வலைய வெட்டி ஒரு சாரைப்பாம்ப விடுவிக்க வேண்டியதாப் போச்சு. எந்த வலையா இருந்தாலும் சுண்டுவிரல் நுழையாத கண்ணா இருக்கணும், தொளதொளன்னு தொங்காம விறைப்பா இழுத்துக் கட்டணும். பந்தல் மேல மட்டும் போட்டுட்டு பக்கவாட்ட விட்டுடறாங்க, கொண்டைக்குருவி ரொம்ப நிதானமா பக்கத்துல நுழைஞ்சு உள்ள உக்காந்து திங்கும், வெளிய போகத் தெரியாம அடிச்சுக்கும். நாலு பக்கமும் கீழ வரைக்கும் இறக்கி, ஓரத்துல செங்கல் வெச்சிடுங்க. காய் இன்னும் பச்சையாத்தான் இருக்கு, ஒரு கொத்துல மட்டும் நாலஞ்சு காய் நிறம் திரும்பியிருக்குன்னு சொன்னீங்கல்ல, அப்படின்னா இந்த ஞாயித்துக்கிழமையே கட்டிடுங்க, அடுத்த ஞாயிறு வரைக்கும் கொண்டைக்குருவி காத்திருக்காது.